மூலமும் படியும்: பார்க்கர் துவக்கின் வரலாறு

பழம்பொருள் ஒன்றைக் கையில் எடுத்தவுடன் நம் உள்ளத்தில் எழும் முதல் வினா, “இது மூலமா, படியா?” என்பதே. மூலம் என்றால் மதிப்பும், படி என்றால் ஏளனமும் தோன்றுவது மனித இயல்பு. ஆயின், தமிழராகிய நாம் படியை அவ்வளவு எளிதாக இகழ்ந்துவிட முடியாது. சங்கப் புலவர் தம் கையால் எழுதிய ஓலை ஒன்றேனும் இன்று உலகில் இல்லை. ஏடு பெயர்த்தெழுதியோர் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்த படிகளின் துணைகொண்டே, யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டில் கலித்தொகையை அச்சேற்றினார். மூலம் மறைந்த இடத்தில் படியே நமக்கு உயிர் தந்தது.

மூலம் மறையாமல் இருக்கும்பொழுதே, அதன் அருகில் படியும் வந்து நின்றால் என்ன செய்வது? எதனைப் பயன்படுத்துவது, எதனைப் பேணுவது? இவ்வினாவுக்கு விடை தேடுவோர்க்கு அமெரிக்க நாட்டுப் பறவை வேட்டைத் துவக்கு ஒன்றின் வரலாறு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். அதுவே பார்க்கர் துவக்கு.

நேயர்களே, பறக்கும் பறவையை ஒற்றைக் குண்டினாற் சுடுவது மிக அரிது. ஆதலின், ஒரு தோட்டாவினுள் நூற்றுக்கணக்கான சிறு சன்னங்களை இட்டு, அவை விரிந்து சென்று பறவையை அடையும்படி செய்தனர். இத்தகைய துவக்கின் குழல், உட்புறத்தில் வழவழப்பானது. அதன் துளையளவைக் கூறும் முறையும் விந்தையானது. ஓர் இறாத்தல் ஈயத்தை ஒரே அளவான பன்னிரண்டு உருண்டைகளாக்கினால், அவற்றுள் ஒன்று எக்குழலுட் சரியாகப் பொருந்துமோ அது 12 போர்த் துவக்கு. அதன் குறுக்களவு ஓர் அங்குலத்தில் ஏறத்தாழ 0.729 பங்காகும். இருபது உருண்டைகளாக்கினால் 20 போர். இருபத்தெட்டாக்கினால் 28 போர். எண் பெருகத் துளை சிறுக்கும். இரு குழல்களையும் பக்கம் பக்கமாகப் பொருத்தி, ஒன்றின் வாயைச் சிறிது ஒடுக்கி, அண்மையில் எழும் பறவைக்கு ஒன்றும் தொலைவிற் செல்லும் பறவைக்கு மற்றொன்றும் என அமைப்பது பழைய வழக்கம். நாள் முழுவதும் காட்டிற் சுமந்து திரிந்து, சிலமுறை மட்டுமே சுடும் கருவி இது. ஆதலால் வலிமை குன்றாமலே எடை குறைய வேண்டும். துவக்குக் கம்மியரின் கலை முழுவதும் இந்த ஒரு முரண்பாட்டைத் தீர்ப்பதிலேயே அடங்கியிருந்தது.

அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாநிலத்தில் மெரிடன் என்றோர் ஊர் உண்டு. 1809ஆம் ஆண்டிற் பிறந்த சாள்ஸ் பார்க்கர் என்பவர் 1830களில் அங்கே கோப்பிக்கொட்டை அரைக்கும் சிறு இயந்திரங்களைச் செய்து விற்கத் தொடங்கினார். வீட்டுக்கு வேண்டிய இரும்புப் பொருள்கள் பலவற்றைச் செய்து செல்வராகி, 1867இல் அந்நகரின் முதலாவது நகர முதல்வராகவும் விளங்கினார். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நிகழ்ந்தபொழுது, அவருடைய தொழிற்சாலை வட மாநிலங்களின் படைக்குத் துவக்குகள் செய்து கொடுத்தது. போர் முடிந்தது, இயந்திரங்களும் பயிற்சி பெற்ற தொழிலாளரும் எஞ்சினர். அவற்றைக் கொண்டு என்ன செய்வது? பறவை வேட்டைக்குரிய இரட்டைக்குழல் துவக்குகளைச் செய்யலாம் என்று அவர் துணிந்தார். இவ்வாறு 1860களின் பிற்பகுதியிற் பார்க்கர் துவக்கு பிறந்தது. மனிதரைக் கொல்வதற்கென வாங்கிய இயந்திரங்கள் விளையாட்டுக் கருவிகளைச் செய்யத் தலைப்பட்டன.

1874இல் சாள்ஸ் கிங் என்னும் வல்லுநர் மேற்பார்வையாளராகச் சேர்ந்த பின்னர், பார்க்கர் துவக்கு உறுதியிலும் அழகிலும் உயர்ந்தது. 1880களின் இறுதியில், வெளியே தெரியும் சுத்தியல் நீங்கி, அஃது உள்ளே மறைந்திருக்கும் வகை வந்தது. 1902ஆம் ஆண்டளவில், சுட்டபின் வெறுந்தோட்டாவைத் தானே வெளியே தள்ளும் பொறியும் சேர்ந்தது. துவக்கின் தரத்தை எழுத்துகளாற் குறித்தனர். ‘டி-எச்-ஈ’ என்று ஒரு துவக்கு பெயர் பெற்றால், ‘டி’ அதன் தரத்தையும், ‘எச்’ சுத்தியல் வெளியே இல்லாமையையும், ‘ஈ’ வெறுந்தோட்டாவைத் தள்ளும் பொறியுடைமையையும் காட்டும். கீழ்த்தரத்துக்கும் மேல்தரத்துக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் உட்பொறியில் இல்லை. குழலின் உருக்கிலும், வோல்நட் மரக்கட்டையின் வரியழகிலும், செதுக்கு வேலையிலுமே அவ்வேறுபாடு இருந்தது. எளிய உழவன் வாங்கிய துவக்கிலும் அரசன் விரும்பிய துவக்கிலும் உள்ளே இருந்த பொறி ஏறத்தாழ ஒன்றே. உருசியப் பேரரசர் இரண்டாம் நிக்கலசுக்கென மிக உயர்ந்த தரத் துவக்கு ஒன்று செய்யப்பட்டது. 1914இல் முதலாம் உலகப் போர் மூண்டமையால் அஃது அவர் கையைச் சேரவேயில்லை.

தொடக்க காலக் குழல்களைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறல் வேண்டும். ஏனெனில், மூலமா படியா என்ற வழக்கின் வேர் அங்கேதான் உள்ளது. அக்காலத்தில் நீண்டு மெலிந்த குழல்களைத் தனி உருக்கில் துளைத்தெடுப்பது கடினமாக இருந்தது. ஆதலின் இரும்பையும் உருக்கையும் அடுக்கடுக்காகச் சேர்த்துக் காய்ச்சி ஒட்டிக் கோலாக்கினர். அக்கோலைக் கயிறு திரிப்பதுபோல் முறுக்கினர். முறுக்கிய கோல்களைப் பக்கத்திற் பக்கமாக வைத்து ஒட்டி நாடாவாக்கினர். அந்நாடாவை ஓர் இரும்புத் தண்டின்மேற் சுருளாகச் சுற்றி, உலையிற் செந்நிறமாக்கிச் சம்மட்டியால் அடித்துக் குழலாக்கினர். பின்னர் துளையைச் செம்மைப்படுத்தி, மேற்புறத்தை அமிலத்தால் அரிக்கச் செய்தால், இரும்பும் உருக்கும் வேறுவேறு நிறங்காட்டிப் பட்டுச்சேலையின் கரைபோன்ற கோலங்கள் தோன்றும். இதனைத் தமஸ்குக் குழல் என்பர். பெல்சியம் நாட்டின் லியேஜ் நகரைச் சூழ்ந்த சிற்றூர்க் கொல்லர்கள் இவ்வேலையிற் பேர்பெற்றவர்கள். பார்க்கர் தொழிற்சாலையும் கடல்கடந்து வந்த இத்தகைய குழல்களையே பெரிதும் பயன்படுத்தியது.

இக்குழல்கள் கறுப்பு வெடிமருந்துக்கென அமைந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிற் புகையற்ற வெடிமருந்து பரவியது. அதன் அழுத்தம் வேறு வகையானது. தமஸ்குக் குழலின் ஒட்டுகளுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத துருவோ கசடோ இருந்தால், சுடுபவனின் இடக்கையே விலையாகக் கூடும். எல்லாத் தமஸ்குக் குழலும் ஆபத்தானது என்று சொல்வதும் பொருந்தாது. பழுதற்ற குழல்கள் கடும் சோதனைகளையும் தாங்கியுள்ளன. ஆயினும், எது பழுதற்றது என்பதை வெறுங்கண் அறியாது. குழற்சுவரின் தடிப்பை அளந்து பார்க்கவல்ல கம்மியன் ஒருவனே அறிவான்.

தோட்டா அறையின் நீளம் மற்றொரு சிக்கல். பழைய துவக்குகள் பலவற்றில் அறை, இன்றைய தோட்டாவைக் காட்டிலும் சற்றுக் குறுகியது. ஆயினும் இன்றைய தோட்டா அதனுள் இலகுவாகப் புகுந்துவிடும். ஏனெனில், தோட்டாவின் வாய் மடிக்கப்பட்டிருக்கின்றது. சுடும்பொழுதே மடிப்பு விரிந்து நீள்கின்றது. அவ்வாறு நீள்வதற்கு இடமில்லையாயின், குழலின் கழுத்து நெருக்குண்டு அழுத்தம் ஏறும். புகுந்தது பொருந்தியது என்று கொள்ளலாகாது.

இனி, பறவைகளின் பக்கம் நின்று இவ்வரலாற்றைப் பார்ப்போம். பார்க்கர் துவக்கு புகழ் பெற்ற காலமே அமெரிக்கப் பறவைகளுக்குக் கொடிய காலமாகவும் இருந்தது. சந்தைக்கென வேட்டையாடுவோர் பறவைகளை வண்டி வண்டியாகக் கொன்று நகரங்களுக்கு அனுப்பினர். வானத்தை மறைக்கும் கூட்டங்களாகப் பறந்த பயணிப்புறா இனத்தின் கடைசிப் பறவை, 1914ஆம் ஆண்டு செப்ரெம்பர் 1ஆந் தேதி சின்சினாற்றி நகர விலங்குக் காட்சிச்சாலையில் இறந்தது. அதற்கு மார்த்தா என்று பெயரிட்டிருந்தனர். 1900ஆம் ஆண்டின் லேசிச் சட்டமும், 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டமும் சந்தை வேட்டையை ஒடுக்கின. அதன்பின் பறவை வேட்டை, பருவமும் எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்ட விளையாட்டாக எஞ்சியது. நாயை முன்விட்டுக் காடையையும் கிறவுஸ் என்னும் காட்டுப்பறவையையும் தேடிச் செல்லும் வேட்டைக்காரரிடையே பார்க்கர், ‘நம்பத்தக்க பழந்தோழன்’ என்ற பொருள்பட வழங்கிய பட்டப்பெயரோடு நின்று நிலவியது.

ஆனால், கைவேலைக்கு நல்ல காலம் நீடிக்கவில்லை. ஒரு குழலில் ஐந்தாறு தோட்டாக்களை அடுத்தடுத்துச் சுடும் மலிவான இயந்திரத் துவக்குகள் சந்தையை நிரப்பின. 1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி, விலையுயர்ந்த பொருள்களை வாங்குவோர் கைகளைக் கட்டியது. 1934இல் பார்க்கர் துவக்குத் தொழிலை றெமிங்ரன் கம்பனி விலைக்கு வாங்கியது. சில ஆண்டுகளிற் தொழிற்சாலை மெரிடனை விட்டு நியூயோர்க் மாநிலத்து இலியன் நகருக்குப் பெயர்ந்தது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் உற்பத்தி ஓய்ந்தது. போருக்குப்பின் அது மீண்டும் தொடங்கவேயில்லை. ஏறத்தாழ 242,000 துவக்குகளோடு பார்க்கரின் கதை முடிந்தது என்றே யாவரும் எண்ணினர்.

நாற்பதாண்டுகள் சென்றன. பழைய பார்க்கரின் விலை ஆண்டுதோறும் ஏறியது. அதைக் காட்டுக்கு எடுத்துச் செல்ல உரிமையாளர் அஞ்சினர். வேட்டைக்கென்று செய்த கருவி இரும்புப் பெட்டிக்குள் உறங்கியது. இந்நிலையில், 1980களின் நடுப்பகுதியிற் ‘பார்க்கர் ரிப்புறொடக்சன்’ என்ற பெயரிற் புதிய துவக்குகள் வெளிவந்தன. ரிப்புறொடக்சன் என்றால் மறுபடைப்பு என்பது பொருள். அவை செய்யப்பட்ட இடம் மெரிடனும் அன்று, இலியனும் அன்று. யப்பான் நாட்டின் தோச்சிகி. வின்செஸ்ரர் துவக்குகளின் உரிமையுடைய ஒலின் கம்பனி, கொடென்ஷா என்ற யப்பானிய நிறுவனத்துடன் கூடி 1961இல் அமைத்த தொழிற்சாலை அது. தனியார் துவக்கு வைத்திருப்பதை மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் நாட்டிலே, அமெரிக்கரின் பழைய பெருமை மறுபிறவி எடுத்தது என்பது வரலாற்றின் விளையாட்டுகளுள் ஒன்று.

இப்படி, வெறும் புறத்தோற்றத்தை மட்டும் ஒத்ததன்று. உட்பொறியும், பொறி இயங்கும் முறையும் பழையதையே பின்பற்றின. புதியதின் உறுப்புகள் சில பழையதிற் பொருந்துமளவுக்கு ஒற்றுமை உண்டு என்று அதனைப் போற்றுவோர் கூறுவர். மிகுதியாகச் செய்யப்பட்டது முன்னர் விளக்கிய ‘டி-எச்-ஈ’ தரம். மூலத்தில் மிக அரிதாகிய 28 போர்த் துவக்கு, படியாகச் சாதாரண வேட்டைக்காரருக்கும் கிடைத்தது. குழல்கள் தமஸ்கு அல்ல, புதிய உருக்கு. அறைகள் இன்றைய தோட்டாவுக்கேற்ற நீளமுடையவை. பழைய அமெரிக்கத் துவக்குகளின் மரக்கட்டை தோட்புறத்தில் மிகவும் தாழ்ந்து வளைந்திருக்கும். அக்காலத்தார் தலையை நிமிர்த்திச் சுட்டனர். இக்காலத்தாரோ கன்னத்தைக் கட்டையிற் பதித்துச் சுடுகின்றனர். அவர்களுக்கு நேரான கட்டையே உதவும்.

இக்காலத்திலேயே சட்டமும் படியின் பக்கம் சாய்ந்தது. நீர்ப்பறவைகள் இரையைச் செரிப்பதற்காகச் சிறு கற்களை விழுங்கும். சதுப்பு நிலத்தில் விழுந்து கிடந்த ஈயச் சன்னங்களையும் கல்லென எண்ணி அவை விழுங்கின. அரைவையிற் கரைந்த ஈயம் அவற்றை நஞ்சூட்டிக் கொன்றது. அவற்றைத் தின்ற கழுகுகளையும் கொன்றது. எனவே, அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயச் சன்னத்தை 1987 முதற் படிப்படியாக விலக்கி, 1991இல் நாடு முழுவதும் தடைசெய்தனர். அதன் இடத்தைப் பிடித்தது உருக்குச் சன்னம். அதன் கடினத்தைப் பழைய மென்குழல் தாங்காது. குழல் கீறுண்ணும், ஒடுங்கிய வாய் வீங்கும். ஒரே சட்டத்தால், ஆயிரக்கணக்கான பழந்துவக்குகள் வாத்து வேட்டையில் ஊமையாயின. மறுபடைப்பிலோ உருக்குச் சன்னத்துக்கென்றே அமைத்த வகை ஒன்றும் விற்பனைக்கு வந்தது. பின்னர் 1990களிற் பிஸ்மத் என்னும் மென்மையான உலோகச் சன்னம் வந்து, பழந்துவக்குகளுக்கு மீண்டும் வாய் திறந்தது. ஆயினும் அதன் விலை அதிகம்.

இவ்வளவும் கேட்டபின், “அப்படியாயின் படியே சிறந்தது, மூலம் எதற்கு?” என்று ஒருவர் வினவலாம். அவருக்கு விடையாக வேறொரு துவக்கின் கதையைக் கூறுவேன். அமெரிக்காவின் சனாதிபதியாக இருந்த தியோடர் றூஸ்வெல்ற், பதவி நீங்கிய 1909ஆம் ஆண்டில் ஆபிரிக்காவுக்கு வேட்டைப் பயணம் சென்றார். பிலடெல்பியா நகரத்துத் துவக்குக் கம்மியர் அன்ஸ்லி பொக்ஸ் அவருக்கென ஓர் இரட்டைக்குழல் துவக்கைச் செய்து கொடுத்தார். 2010இல் அத்துவக்கு ஏலத்தில் 862,500 டொலருக்கு விலைபோயிற்று. பொக்ஸ் துவக்குக்கும் பிற்காலத்தில் மிகச் சிறந்த மறுபடைப்புகள் உண்டு. அவற்றின் உருக்கு மேலானது. செதுக்கு வேலையும் குறைந்ததன்று. ஆயினும் அவற்றுள் ஒன்றேனும் 1909இல் ஆபிரிக்கப் புல்வெளியைக் கண்டதில்லை. அந்த விலை உருக்குக்கும் மரத்துக்கும் கொடுத்த விலையன்று. சாட்சிக்குக் கொடுத்த விலை.

மூலத்தின் பெறுமதி இங்கேதான் உள்ளது. மெரிடன் தொழிலாளி ஒருவனின் அரத்தின் சுவடு, லியேஜ் கொல்லனின் சம்மட்டி ஒட்டிய வரி, முதல் உரிமையாளன் கைபட்டுத் தேய்ந்த இடம் ஆகிய இவை யாவும் எழுதப்படாத ஆவணங்கள். பார்க்கர் தொழிற்சாலையின் பழைய பதிவேடுகள் பல எஞ்சியுள்ளமையால், தொடர் இலக்கத்தைக் கொண்டு, ஒரு துவக்கு எவ்வாறு கட்டளையிடப்பட்டது என்பதைப் பலவேளைகளில் இன்றும் அறியலாம். அப்படிப்பட்ட துவக்கில் அறையை நீட்டித் துளைப்பதும், பழைய கட்டையை அறுத்துப் புதியதைப் பொருத்துவதும், தேய்ந்த நிறத்தை மெருகிட்டு மறைப்பதும் ஏட்டின் வரிகளை அழித்து எழுதுவதற்கு ஒப்பாகும். வேட்டைக்கு ஏற்றதாக்கப் போய்ச் சாட்சியைக் கொன்றவர்கள் பலர்.

இதனினும் தீயது ஒன்றுண்டு. தாழ்ந்த தரத் துவக்கை வாங்கி, அதில் உயர்தரச் செதுக்கு வேலையைப் புதிதாகச் செய்து, பழைய உயர்தரத் துவக்கென விற்போர் உளர். இது படியன்று, பொய். மறுபடைப்பு தன்னை மறுபடைப்பு என்று தன் பெயரிலேயே அறிவித்துக்கொண்டது. அந்த நேர்மையே அதன் குலப்பெருமை. ஏடு பெயர்த்தெழுதியவன் தன் பெயரையும் எழுதி முடித்த நாளையும் இறுதியிற் குறித்து வைத்தமை போன்றது அது. அந்தப் பொய்த்துவக்கோ மூலமும் அன்று, படியும் அன்று. அதனால் வாங்குபவனின் பணம் மட்டும் அழிவதில்லை. வரலாற்றின் ஒரு வரியும் அழிகின்றது.

யப்பானில் மறுபடைப்பு வேலை 1980களின் இறுதியில் நின்றுபோயிற்று. அத்துவக்குகளும் இன்று பழமை எய்தி வருகின்றன. அவற்றையும் தேடிச் சேகரிப்போர் தோன்றிவிட்டனர். நேற்றைய படி இன்று தானே ஒரு மூலமாகின்றது! இரு நாட்டுத் தொழிலாளர் ஒருவர் கைத்திறனை மற்றவர் மதித்துக் கற்ற காலத்துக்கு அதுவும் ஒரு சாட்சியாக நிற்கின்றது.

ஆகவே, மூலமா படியா என்ற வினாவை, எது உயர்ந்தது என்று கேட்பதைவிட, எதற்கு எது உரியது என்று கேட்பதே முறையாகும். மழையிலும் சேற்றிலும் சுமக்கவும், இன்றைய தோட்டாவைச் சுடவும், இன்றைய சட்டத்துக்கு அமையவும் படி உரியது. அது முன்வந்து உழைப்பதால் மூலத்துக்கு ஓய்வு கிடைக்கின்றது. பழுதறிந்த கம்மியன் பார்த்து ஒப்பிய மூலத்தை, அதற்கேற்ற மென்தோட்டாவுடன், இலையுதிர்காலத்தில் ஒருநாள் காட்டுக்குக் கொண்டுசெல்வதும் தவறாகாது. கருவி தன் தொழிலை மறக்காதிருப்பதும் பேணுதலின் ஒரு பகுதியே. ஆயின், இன்றைய வேலையை அதன்மேற் சுமத்த வேண்டும் என்பதற்காக அதன் உடலை மாற்றுவது தகாது. மாற்றாமல் உழைக்க இயலாத பழம்பொருளுக்கு நாம் செய்யத்தக்கது, அதனை அளந்து, அறிந்து, அதைப்போல் மற்றொன்றைச் செய்து, அதன்மீது “இது படி” என்று தெளிவாக எழுதி வைப்பதேயாகும்.